பேய் ஓடிய பிறகு

நேயர்களே, சுருவில் போன்ற எங்கள் தீவூர்களில் ஒருவருக்குப் பேய் பிடித்துவிட்டது என்றால் திருநீறு போட்டுப் பார்வை பார்ப்பார்கள்; நூல் கட்டுவார்கள்; கழிப்புக் கழிப்பார்கள். கத்தோலிக்க வீடென்றால் செபமும் தீர்த்தமும். வழிகள் வேறாயினும் எல்லோரும் கேட்பது ஒன்றே: பேய் ஓடிவிட்டதா? பிடிபட்டவர் பிறகு என்ன ஆனார் என்று யார் கேட்கிறோம்?

2015ஆம் ஆண்டில் வெளிவந்த கொரியத் திரைப்படமொன்று இதைக் கேட்கிறது. ‘கறுப்புக் குருமார்’ என்பது அதன் பெயரின் பொருள். இயக்கியவர் ஜங் ஜே ஹியூன். மாணவி ஒருத்தியைப் பற்றிய தீய ஆவியை விரட்ட மூத்த குருவும் குருமட இளைஞன் ஒருவனும் முனைகின்றனர். அவ்விளைஞன் சிறுவயதில், தங்கையை நாய் குதறியபோது அஞ்சி ஓடியவன். இப்போதும் பாதியில் ஓடுகிறான். ஆனால் திரும்பி வருகிறான். ஆவி புகுந்த பன்றியோடு ஹான் ஆற்றில் குதிக்கிறான். செபத்தின் வலிமை அவன் திரும்பி வந்ததில்தான் தெரிகிறது.

பன்றி என்றதும் மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். கல்லறைகளிடையே திரிந்த, சங்கிலிக்கும் அடங்காத ஒருவனிடமிருந்த ஆவிகளை இயேசு பன்றிக்கூட்டத்துள் போக்குகிறார். கதை அத்தோடு முடிவதில்லை. தெளிந்தவனை அவனுடைய வீட்டாரிடமே அனுப்பிவைக்கிறார். ஒதுக்கப்பட்டவன் வீடு திரும்பினால்தான் பேயோட்டல் நிறைவுறும்.

நம் இலக்கியத்திலும் இவ்வறம் உண்டு. கணவனால் கொலையுண்டு பேயானவள் பழையனூர் நீலி. மறுபிறவியில் வணிகனாக வந்த அவனைத் தேடி அவள் மனைவி வேடத்தில் வந்தபோது, அஞ்சிய அவனுக்கு எழுபது வேளாளர் தம் உயிரையே பிணை வைத்தனர். அவன் மாண்டதும் சொன்ன சொல் தவறாமல் தீப்புகுந்தனர். சமணக் காப்பியமான நீலகேசியோ வேறொரு வழி காட்டுகிறது. தவத்தைக் கெடுக்க வந்த நீலியை முனிச்சந்திரர் விரட்டவில்லை, அறம் உரைத்தார். பேயாக வந்தவள் அறத்துக்காக வாதாடுபவள் ஆனாள்.

இவை வெறுங்கதைகளா? 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி தமிழ்நாட்டின் ஏர்வாடியில் மனநோயாளர் விடுதியொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அங்குள்ள தர்காவில் குணமாகும் என்று நம்பி உறவினர் கொண்டுவந்து விட்டுச் சென்றவர்கள் அங்கே பலர். நம்பி வந்தவர்கள் கூட இருந்திருந்தால் சங்கிலிக்கு வேலை ஏது?

ஆகவே நேயர்களே, திருநீறு பூசுங்கள், செபியுங்கள், மருத்துவரிடமும் கூட்டிச் செல்லுங்கள். ஆனால் நோயாளியைக் கட்டிவைக்காதீர்கள்; தனியே விட்டுவிட்டும் வந்துவிடாதீர்கள். நம் நம்பிக்கைக்கு உரைகல், அவர் பக்கத்தில் நாம் எத்தனை நாள் இருந்தோம் என்பதே.