டென்மார்க் தாதியர்: பொறுப்பு வளர்ந்தது, அதிகாரம்?

2021ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி டென்மார்க்கின் பொது மருத்துவமனைகளில் தாதியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மத்தியஸ்தர் முன்வைத்த ஊதிய உடன்பாட்டை அவர்கள் வாக்கெடுப்பில் நிராகரித்திருந்தனர். சுமார் பத்து வாரங்களின் பின்னர் நாடாளுமன்றம் சட்டமியற்றி, நிராகரிக்கப்பட்ட அதே உடன்பாட்டை அவர்கள் மீது சுமத்தியது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் சம்பளத் தகராறு. ஆனால் தாதியர் சுட்டிக்காட்டியது 1969ஆம் ஆண்டின் அரசு ஊழியர் சீர்திருத்தத்தை. பெண்கள் பெரும்பான்மையாக இருந்த தொழில்கள் அதன் ஊதியப் படிநிலையில் தாழ்வாக வைக்கப்பட்டன என்றும், தமது பணி அடியோடு மாறிய பின்னரும் அந்த இடைவெளி நீடிக்கிறது என்றும் அவர்கள் வாதிட்டனர்.

பணி மாறியது உண்மையே. மூன்றரை ஆண்டுப் பட்டப்படிப்புக்கு மேல், மயக்கமருந்து, தீவிர சிகிச்சை, மனநலம், புற்றுநோய் ஆகிய துறைகளில் சிறப்புப் பயிற்சிகள் உள்ளன. உள்ளாட்சி அமைப்புகளின் தாதியருக்கும் பின்னர் அத்தகைய பயிற்சி வந்தது. உயர்நிலைத் தாதியருக்கு முதுநிலைப் பட்டம் தேவை என்கின்றன, சர்வதேச தாதியர் மன்றம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள். நோயாளியைப் பரிசோதித்து முடிவெடுப்பதோடு இவர்களது வேலை முடிவதில்லை. சிகிச்சைப் பிரிவின் நடைமுறைகளைச் சீராக்கி, சக தாதியரை வழிநடத்துவதும் இவர்களிடம் எதிர்பார்க்கப்படுகிறது.

சிக்கல் இங்குதான் எழுகிறது. மருத்துவர்களுக்கென ஒதுக்கப்பட்ட சிகிச்சைகளை டென்மார்க்கில் ஒரு தாதி பெரும்பாலும் மருத்துவரின் ஒப்படைப்பின் பேரிலேயே செய்ய முடியும். அண்டை நாடான சுவீடனிலோ, உரிய பயிற்சி பெற்ற மாவட்டத் தாதியர் 1990களிலிருந்தே குறிப்பிட்ட சில மருந்துகளைத் தாமே எழுதிக்கொடுக்கின்றனர். ஒப்படைப்பில் தங்கிய தலைமைத்துவத்துக்கு ஆயுள் குறைவு. அனுபவமிக்க தாதி ஒருவர் உருவாக்கிய நல்ல நடைமுறை, பொறுப்பு மருத்துவர் மாறினால் கைவிடப்படக்கூடும்.

இத்தனைக்கும் தாதியரை நம்பிப் பொறுப்பளிப்பது டென்மார்க்குக்குப் புதிதல்ல. சிசு மரணத்தைக் குறைக்கும் நோக்கில் 1937இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்து, வீடு வீடாகச் சென்று கைக்குழந்தைகளைக் கவனிக்கும் சுகாதாரத் தாதியரை அந்நாடு ஏற்படுத்தியது. அவர்களுக்குப் பின்னால் சட்டம் இருந்தது. ஆகவே அந்தச் சேவை தனிமனிதர்களின் தயவில் தங்கியிருக்கவில்லை.

2023 டிசம்பரில் அரசும் தொழிற்சங்கங்களும் பொதுத்துறை நிர்வாகங்களும் செய்துகொண்ட முத்தரப்பு உடன்பாடு, தாதியர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மொத்தம் 680 கோடி குரோனரை ஒதுக்கியது. அது ஊதியத்தையும் பணிநேரத்தையும் பற்றிய உடன்பாடு. உயர்நிலைத் தாதியர் எதைத் தாமே தீர்மானிக்கலாம் என்பது வேறொரு பேச்சுவார்த்தைக்கு உரியது.