நோன்பு நேரமும் அகலக்கோடும்

2016ஆம் ஆண்டில் ரமழான் ஜூன் மாதத்தில் வந்தது. கொழும்பில் நாம் சுமார் 14 மணித்தியாலங்கள் நோன்பிருந்தோம். இலண்டனில் வாழ்ந்தோருக்கோ அது 18 மணித்தியாலங்களையும் தாண்டியது. கடமை ஒன்றுதான்; நேரத்தில் மட்டும் ஏன் இந்த வேறுபாடு? விடை, வகுப்பறையிலுள்ள பூகோள உருண்டையின் அகலக்கோடுகளில் இருக்கிறது.

அகலக்கோட்டை நாம் வெறும் கோடாகவே மனனம் செய்கிறோம். உண்மையில் அது ஒரு கோணத்தைக் குறிக்கிறது. புவியின் மையத்திலிருந்து நமது ஊருக்கு ஒரு கோடும், ஊருக்கு நேர் தெற்கே மத்தியகோட்டிலுள்ள இடத்துக்கு மற்றொரு கோடும் வரைவதாக நினைத்துக்கொள்வோம். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணமே நமது ஊரின் அகலக்கோட்டுப் பெறுமானம். வடக்கே ஒரே கோணத்தில் அமைந்த இடங்களை எல்லாம் இணைத்தால் ஒரு வட்டம் கிடைக்கும், தெற்கிலும் அவ்வாறே. மத்தியகோடு 0 பாகை. முனைவுகள் 90 பாகை. ஒரு பாகை நிலத்தில் ஏறத்தாழ 111 கிலோமீற்றர். இலங்கை வடக்கே 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. இலண்டன் 51½ பாகையில் உள்ளது.

புவியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால், ஜூன் 21 அளவில் வடமுனைவு சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும். அப்போது சூரியன் கடகக்கோட்டுக்கு நேர் உச்சியில் நிற்கும். வடக்கே செல்லச் செல்ல, ஒவ்வோர் அகலக்கோட்டு வட்டத்திலும் ஒளிபடும் பகுதி நீளும். எனவே அன்று கொழும்பில் பகல் சுமார் 12½ மணித்தியாலம். இலண்டனில் சுமார் 16½ மணித்தியாலம். ஆட்டிக் வட்டத்துக்கு அப்பாலுள்ள நோர்வேயின் துரோம்சோ நகரில் சூரியன் மறைவதே இல்லை. இத்தகைய இடங்களில் வாழ்வோர் மக்காவின் நேரத்தையோ, இரவும் பகலும் பிரிந்து தெரியும் அண்மைய ஊரின் நேரத்தையோ பின்பற்றலாம் என்று மார்க்க அறிஞர்கள் வழிகாட்டியுள்ளனர்.

அப்படியானால் வடக்கில் வாழ்வோருக்கு மட்டும் என்றும் சிரமமா? இல்லை. டிசம்பரில் இலண்டனின் பகல் 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. 2000ஆம் ஆண்டு ரமழான் டிசம்பரில் வந்தபோது அவர்களது நோன்பு நம்முடையதைவிடக் குறுகியது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஆகவே ரமழான் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. நீண்ட நோன்பும் குறுகிய நோன்பும் வடக்கிலுள்ளோருக்கும் தெற்கிலுள்ளோருக்கும் மாறிமாறிக் கிடைக்கின்றன. மத்தியகோட்டை அண்மித்து வாழும் நமக்கோ எல்லா ஆண்டும் 13, 14 மணித்தியாலங்கள்தாம்.

பரீட்சைக்காக மனனம் செய்த கோடுகளுக்குள் இத்தனை நீதியான ஓர் ஒழுங்கு இருப்பதை அறியும்போது, படைத்தவனைப் புகழாமல் இருக்க முடியவில்லை.