மலைச் சரிவில் விரித்த வலை

தூரதிருஷ்டிக் கண்ணாடி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது ஒரு நீண்ட குழாயும், அதன் நுனியில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கும் ஒரு நரைத்த தாடிக்காரரும்தான். நீலகிரியில் உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரை என்னும் கிராமத்திலுள்ள தூரதிருஷ்டி யந்திரத்திலோ குழாயும் இல்லை, கண்ணாடியும் இல்லை, கண்ணை வைக்க இடமும் இல்லை. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டு, மலைச் சரிவில் கிடக்கும் ஒரு கம்பித் தொட்டி அது. ஆகாயத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைத் திரட்டிக் குவிப்பது அதன் வேலை. 1970-ஆம் வருஷத்தில் பார்க்கத் தொடங்கியது இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கண்ணின் கூர்மையைப் புகழ்வோர் பலர். அந்தக் கண்ணைத் தாங்கும் எலும்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாம் இங்கே எலும்பைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

திருக்கழுக்குன்றத்துத் தேரை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு பங்காகப் பெருக்கிக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மரத்தின் கனம் எட்டு மடங்காகிவிடும். பாரத்தைத் தாங்கும் அச்சின் குறுக்களவு நான்கு மடங்குதான் ஆகும். அச்சு முறியும். தேருக்கு முறியாமல் இருந்தால் போதும். தூரதிருஷ்டிக்கு வளையாமலும் இருக்கவேண்டும். வளைந்தால் பார்வை மங்கும். வளையாதிருக்க இரும்பைக் கூட்டினால், கூட்டிய இரும்பின் கனமே மேலும் வளைக்கும். அதற்கு இன்னும் கொஞ்சம் இரும்பு. கடனை அடைக்கக் கடன் வாங்கும் சம்சாரியின் கதைதான்!

இது வெறும் உவமை அன்று. இங்கிலாந்தில் ஜோட்ரெல் பாங்க் என்னுமிடத்தில் 1957-இல் கட்டி முடித்த 76 மீட்டர் வட்டத் தட்டைத் தொடக்கத்தில் கம்பி வலையாகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். குறுகிய அலைகளையும் பிடிக்கவேண்டுமென்று பிற்பாடு இரும்புத் தகடாக மாற்றினார்கள். கனம் 3,000 டன்னைத் தாண்டியது. கட்டியவர்கள் மெய்யாகவே கடனாளியானார்கள்.

கம்பி வலை எப்படிக் கண்ணாடியின் வேலையைச் செய்யும் என்று வாசகர்கள் கேட்கலாம். எல்லாம் அலையின் நீளத்தைப் பொறுத்தது. தூரதிருஷ்டியின் பரப்பு, தான் பிடிக்கும் அலையின் நீளத்தில் சுமார் இருபதில் ஒரு பங்குக்கு மேல் பிசகக் கூடாது என்பது பொதுவான கணக்கு. நாம் காணும் ஒளியின் அலை ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆகையால் ஜவ்வாது மலையில் காவலூரில் 1986-இல் நிறுவிய 2.34 மீட்டர் ஆடியை, மில்லிமீட்டரில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு என்கிற நுட்பத்தை நாடி மெருகிட வேண்டியிருக்கிறது. உதகையில் பிடிக்கும் அலையின் நீளமோ 92 சென்டிமீட்டர். அங்கே இரண்டு மூன்று விரற்கடை பிசகினாலும் மோசமில்லை. அலையைவிட மிகச் சிறிய இடைவெளிகள் அந்த அலைக்கு இடைவெளிகளாகவே தோன்றுவதில்லை. வலையை அது சுவராகவே எண்ணித் திரும்பிவிடுகிறது.

நம் நெம்மேலிக் குப்பத்து மணலில் வலை உலர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடுத்த லாபத்தை விளக்க வேண்டியதில்லை. புயலில் தகரக் கூரை பறக்கிறது. அதே காற்று வலையின் கண்களில் நுழைந்து அப்பால் போய்விடுகிறது. காற்றின் வேகம் மூன்று மடங்கானால் அது தள்ளும் வலிமை ஒன்பது மடங்கு. காற்றை எதிர்க்க வேண்டாமென்றால், எதிர்ப்பதற்கான இரும்பும் வேண்டாம். வலையின் லேசு அதன் கீழுள்ள ஒவ்வொரு சட்டத்தையும், அச்சையும், அஸ்திவாரத்தையும் லேசாக்கிவிடுகிறது.

டாக்டர் கோவிந்த ஸ்வரூப் அமெரிக்காவிலிருந்து 1963-இல் திரும்பி டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தபோது, நாட்டில் அந்நியச் செலாவணிக்குப் பெரும் பஞ்சம். மூவாயிரம் டன் இரும்புத் தட்டை அவர் கனவிலும் கேட்டிருக்க முடியாது. அவர் தேடியது ஒரு மலையை. வானம் துருவ நட்சத்திரத்தைச் சுற்றுவதுபோல் தோன்றுகிறதல்லவா? உதகையில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் சுமார் 11 பாகை உயரத்தில் நிற்கிறது. வடக்கு நோக்கி அதே 11 பாகை ஏறும் சரிவு கிடைத்தால், அதன்மேல் கிடத்திய தொட்டியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அதைக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரே அச்சில் புரட்டினால் போதும். ஒரு நட்சத்திரத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். முத்தோரையில் அப்படியொரு சரிவு கிடைத்தது. யந்திரத்தைச் சாய்த்துப் பிடிக்கும் பிரமாண்டமான கோபுரத்தின் வேலையைக் கூலி வாங்காமல் செய்கிறது மலை. நமக்கு இதுவே அந்த அமைப்பில் மிக அழகான பகுதி.

சரிவின் நெடுக 24 வளைந்த சட்டங்கள். அவற்றின் மேல் முனைக்கு முனை இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள். இவ்வளவுதான் ஆடி! ஜோட்ரெல் பாங்க் தட்டைவிட இதன் பரப்பு மூன்றரை மடங்கு. வடிவமைத்தவர்களும் கட்டியவர்களும் நம் நாட்டு எஞ்சினீயர்கள்.

சிக்கனத்துக்கு விலை உண்டு. கம்பிகள் வடக்கு தெற்காக மட்டும் ஓடுவதால், அத்திசையில் அதிரும் அலைகளையே அவை திருப்பும். குறுக்கே அதிர்பவை கம்பிகளுக்கிடையே நழுவிவிடும். வருகிற அலையில் பாதி நஷ்டம் என்று தெரிந்தே ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பாதி வீண்போகவில்லை. ரேடியோ அலை வீசும் பொருள்களைச் சந்திரன் மறைக்கும் கணத்தைக் கவனித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் அளவைக் கண்டார்கள். அவ்வளவுகளைக் கொண்டு ஸ்வரூப்பும் கபாஹியும் 1975-இல், பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று, காலப்போக்கில் மாறி வந்திருக்கிறது என்பதற்குச் சான்று காட்டினார்கள்.

பின்னர் புனாவுக்கு வடக்கே கோடாட் கிராமத்தைச் சுற்றி ஸ்வரூப் முப்பது தட்டுகளை நிறுவினார். ஒவ்வொன்றும் 45 மீட்டர் வட்டம். 16 சட்டங்களுக்கிடையே எவர்சில்வர் கயிறுகளை இழுத்து முறுக்கேற்றி, அவற்றில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி வலையை முடிந்திருக்கிறார்கள். நடுவில் வலையின் கண் 10 மில்லிமீட்டர். காற்றின் நெம்புதல் மிகுந்த ஓரத்தில் 20.

கயிற்றை நம்புவதில் அபாயமும் உண்டு. போர்ட்டோ ரிக்கோ தீவின் அரெசிபோவில் 305 மீட்டர் தட்டின்மேல் 900 டன் மேடை ஒன்று கயிறுகளில் தொங்கியது. 2020 ஆகஸ்டில் ஒரு கயிறு கழன்றது. நவம்பரில் இன்னொன்று அறுந்தது. டிசம்பர் 1-ந் தேதி மேடையே தட்டின்மேல் விழுந்து நொறுங்கியது. அங்கே கயிற்றில் தொங்கியது பெரும் பாரம். கோடாட்டில் கயிறு சுமப்பது வலையை மட்டுமே.

இத்தகைய யந்திரத்தை நம் கடற்கரையிலேயே வைத்தாலென்ன என்று நம் பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. துருவ நட்சத்திரம் இங்கே 13 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே தெரிகிறது; அந்தச் சரிவுள்ள குன்றுக்கு எங்கே போவது? அது இருந்தாலும், சென்னையின் மின்சார இரைச்சலில் நட்சத்திரத்தின் மெல்லிய குரல் அமுங்கிவிடும். உப்புக் காற்றோ, கட்டிய நாளிலிருந்தே இரும்புச் சட்டங்களைத் தின்னத் தொடங்கிவிடும்.