சமூக ஊடகமும் சிறு தொழிலும்

பொருளை உண்டாக்குவது ஒரு திறமை; உண்டாக்கிய பொருளை உரிய விலைக்கு விற்பது வேறொரு திறமை. முதல் திறமையில் நம் விருதுநகர் ஜில்லாவினர் எவருக்கும் குறைந்தவர் அல்லர். இரண்டாவது திறமை இங்குள்ள வியாபாரிகளிடம் ஏராளமாக உண்டு. நெசவாளரிடமும் விவசாயியிடமும் அது இன்னும் போதிய அளவு வந்து சேரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்குக் காரணம் யாது? அருப்புக்கோட்டையில் நெய்யப்படும் சேலையை எந்த ஊரில் எவர் உடுத்துகிறார் என்பது அதை நெய்தவருக்குத் தெரிவதில்லை. சாத்தூர்க் கரிசலில் விளைந்த வற்றல் எவர் வீட்டு அம்மிக்குப் போய்ச் சேர்கிறது என்பது அதைக் களத்தில் காயவைத்தவருக்குத் தெரிவதில்லை. இடையில் உள்ளவருக்கோ இரண்டும் தெரியும். இடைத்தரகரின் முதல் பணம் மட்டுமே என்று நாம் எண்ணிவிடுகிறோம். இன்னாருக்கு இன்ன பொருள் இன்ன காலத்தில் வேண்டும் என்ற விவரமே அவருடைய பெரிய முதல். அந்த விவரம் உற்பத்தியாளரின் கைக்கு வருமானால் அவருடைய நிலைமை பெரிதும் மாறும். சமூக ஊடகம் என்று வழங்கப்படும் சாதனங்களின் தலையாய பயன் இதுவே என்பது நமது கருத்து.

நமக்குப் புதியது அன்று

வாட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகியவை இன்று பெரும்பாலான வீடுகளில் கைபேசி வழியாகப் புழங்குகின்றன. அவற்றை வேடிக்கைப் பொருள் என்று ஒதுக்குவோரும் உண்டு. அவற்றால் ஒரே நாளில் செல்வம் குவியும் என்று நம்புவோரும் உண்டு. இரண்டும் சரியல்ல. விளம்பரம் என்னும் பழைய கருவியின் புதிய வடிவமே இவை.

விளம்பரத்தின் பெருமையை நம் ஜில்லாவுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கினர். தீப்பெட்டிக்கு லேபில் வேண்டியிருந்தது. லேபிலுக்காக அச்சுத் தொழில் வளர்ந்தது. அதிலிருந்து காலண்டர் தொழிலும் பெருகியது. எழுத்தறியாதவரும் லேபிலில் உள்ள படத்தைச் சொல்லித் தீப்பெட்டி கேட்டு வாங்கினர். மளிகைக் கடைக்காரரின் பெயரைத் தாங்கிய தினசரிக் காலண்டர் வருஷம் முழுவதும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. கடைக்காரர் தம்மைப் பற்றி நாள்தோறும் புகழ்ந்து பேசுவதில்லை. தேதியும் நல்ல நேரமும் காட்டி வீட்டாருக்கு உபயோகமாக இருக்கிறார். அதனால்தான் அவர் பெயர் நினைவில் நிற்கிறது. சமூக ஊடகத்தில் இறங்க விரும்பும் ஒவ்வொருவரும் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

காலண்டருக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. காலண்டர் நம் பேச்சைச் சொல்லும். எதிராளியின் பதிலைக் கொண்டுவராது. சமூக ஊடகம் பதிலையும் கொண்டுவருகிறது. “இந்தக் கரை அகலமாக இருக்கிறது, குறைத்துத் தருவீர்களா?” என்று கோவையில் இருந்தோ சிங்கப்பூரில் இருந்தோ ஒருவர் கேட்கிறார். அந்தக் கேள்வியே ஒரு சந்தை விவரம். பத்துப் பேர் அதையே கேட்டால் அடுத்த பாவு ஓட்டும் முன் நாம் யோசிக்க வேண்டும்.

அனுகூலங்கள்

முதலாவது, செலவு குறைவு. பத்திரிகை விளம்பரத்துக்கும் கண்காட்சிக் கடைக்கும் ஆகும் செலவைச் சிறு சங்கங்கள் தாங்குவது கடினம். 2018-ல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் செயலியில், பொருள்களின் படம், விலை, விவரம் ஆகியவற்றை ஒரு பட்டியலாகக் கட்டணமின்றி வைக்கலாம்.

இரண்டாவது, முன்கூட்டியே ஆர்டர் பெறும் வாய்ப்பு. நெய்து அடுக்கிவிட்டு வாங்குபவருக்காகக் காத்திருப்பதால் சங்கத்தின் பணம் சரக்கில் முடங்குகிறது. மாதிரி ஒன்றை நெய்து படம் காட்டி, கேட்பவருக்குத் தக்க அளவு நெய்தால் அந்த முடக்கம் குறையும். 2020-ல் கொள்ளைநோயின் காரணமாகக் கண்காட்சிகளும் கடைகளும் மூடப்பட்ட காலத்தில், வாங்குவோரின் கைபேசி எண்களை வைத்திருந்தவர்களுக்குப் பேச ஒரு வழியாவது இருந்தது.

மூன்றாவது, உழைப்பைக் காட்டும் வாய்ப்பு. கைத்தறிச் சேலைக்கும் விசைத்தறிச் சேலைக்கும் உள்ள வேற்றுமையை வாங்குவோரில் பலர் அறியார். குறிப்பிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் மத்திய அரசு சட்டம் செய்தது. 2006-ல் கைத்தறி முத்திரையும் வந்தது. ஆயினும் சட்டத்தையும் முத்திரையையும்விட, நாடா ஓடுவதையும் பாவு பிணைப்பதையும் கண்ணால் காண்பது எளிதில் மனத்தில் பதியும். 1935-ல் தோன்றிய நம் கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனம், சேலையுடன் அதை நெய்தவரின் பெயரையும் படத்தையும் சேர்த்து விற்ற முறை இக்கருத்தைப் பின்பற்றியதே. தறியின் ஒரு நிமிஷப் படம் அதே வேலையைப் பல்லாயிரம் பேருக்குச் செய்ய வல்லது. 1905-ஆம் ஆண்டின் சுதேசி இயக்கத்தை நினைவூட்டி, 2015 முதல் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. பொதுமக்களின் கவனம் கைத்தறியின் பக்கம் திரும்பும் அத்தகைய நாள்களை நம் சங்கங்கள் வீணாக்கலாகாது.

சங்கமாகச் செய்வது ஏன்?

தறியில் அமர்ந்தவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கைபேசியை எடுத்துப் பதில் எழுத இயலாது. எழுதினால் துணி வளராது. மிளகாய் பறிக்கும் பருவத்தில் விவசாயிக்கும் அதே நிலை. ஆகவே, இந்த வேலையைத் தனித்தனியே செய்யாமல் சங்கமே ஏற்றுச் செய்வது நலம். சங்கத்துக்கென ஒரே எண், அதற்குப் பொறுப்பாக ஒருவர், பதில் சொல்லக் குறித்த நேரம், வந்த ஆர்டர்களைப் பதிய ஒரு புத்தகம் என்ற ஏற்பாடு போதும். கைபேசி பழகிய அங்கத்தினர் குடும்பத்துப் பெண்களுக்கோ இளைஞர்களுக்கோ இவ்வேலையை உரிய ஊதியத்துடன் அளிக்கலாம். ஆர்டர்களை அங்கத்தினருக்கு முறை வைத்துப் பங்கிட வேண்டும். இல்லாவிடில் ஒருவர் தறி ஓடும், மற்றவர் தறி நிற்கும்.

பொதுப் பெயரின் மதிப்பும் பெரிது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு முயன்றது அவ்வூர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் என்பது நமக்குப் பெருமை. ஓர் ஊரின் பெயர் அவ்வூரார் அனைவருக்கும் பொதுச் சொத்து. ஒருவர் கலப்படச் சரக்கை அனுப்பினால் கெடுவது அவர் பெயர் மட்டும் அல்ல.

வாய்மையின் வரவு செலவு

சிறு கணக்கு ஒன்றைப் பார்ப்போம்; இது விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்ட உதாரணமே. மொத்த வியாபாரிக்கு 950 ரூபாய்க்குப் போகும் சேலையைச் சங்கம் நேரே 1,200 ரூபாய்க்கு விற்கிறது. சேலைக்கு 250 ரூபாய் கூடுதல். நூறு சேலை அனுப்பியதில் ஐந்து திரும்பி வந்தால், விற்ற 95 சேலைக்குக் கூடுதல் வரவு 23,750 ரூபாய். பார்சல் கூலி சேலைக்கு 80 வீதம் 8,000. உறை, அட்டை ஆகியவற்றுக்கு 2,000. திரும்பியவற்றுக்குக் கூலி 400. பொறுப்பாளர் ஊதியம் 6,000. ஆகச் செலவு 16,400 போக மீதி 7,350 ரூபாய்.

இருபது சேலை திரும்பினால்? 80 சேலைக்கு வரவு 20,000, செலவு 17,600, மீதி 2,400 மட்டுமே. சேலை ஏன் திரும்புகிறது? பெரும்பாலும், படத்தில் கண்ட நிறம் வேறு, கையில் கிடைத்த நிறம் வேறு என்பதால். படத்தை மெருகேற்றிக் காட்டுவதால் வரும் ஆர்டர் அதே வேகத்தில் திரும்பிப் போகிறது. ஆகவே பகல் வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும், நிறத்தை மாற்றலாகாது. நீளம், நூல் எண், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, சாயம் போகுமா, எவ்வாறு துவைப்பது ஆகியவற்றை எழுத வேண்டும். வற்றலாயின் எந்தப் பருவத்து அறுவடை, காம்புடனா காம்பின்றியா, நிகர எடை எவ்வளவு என்பதைக் குறிக்க வேண்டும். விருதுநகர் மார்க்கெட்டில் விலை நாளுக்கு நாள் மாறும். எனவே சொல்லும் விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்வது அவசியம். உணவுப் பொருளை விற்போர் உணவுப் பாதுகாப்புப் பதிவையும், வெளிமாநிலத்துக்கு விற்போர் ஜி.எஸ்.டி. விதிகளையும் தணிக்கையாளரிடம் கேட்டு முதலிலேயே சரிசெய்துகொள்ள வேண்டும்.

பட்டாசுக்கு விதி வேறு

நம் அங்கத்தினர் வீடுகளில் பட்டாசுத் தொழிலைச் சார்ந்தோர் பலர். சேலையைப் போலவே பட்டாசையும் கைபேசி வழியே விற்கலாம் அன்றோ என்று அவர்கள் கேட்பது இயல்பு. விற்கலாகாது. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில், உரிமம் பெற்ற வியாபாரிகள் வாயிலாகவே பட்டாசு விற்கப்பட வேண்டும் என்றும், இணையவழி வர்த்தகத் தளங்கள் ஆர்டர் ஏற்கலாகாது என்றும் உத்தரவிடப்பட்டது. வெடிபொருளைத் தபாலிலோ சாதாரணப் பார்சலிலோ ரயில் பெட்டியிலோ அனுப்புவதும் குற்றம். இது வெறும் காகித விதியன்று. பார்சல் என்று எண்ணி மூட்டையைத் தூக்கி எறியும் தொழிலாளியின் உயிரும், அதே வண்டியில் பயணம் செய்வோரின் உயிரும் இதில் அடங்கியுள்ளன. தீயின் கொடுமையை நம் ஊர்களைவிட அறிந்தவர் எவர்?

ஆயினும் பட்டாசுத் தொழிலுக்கும் சமூக ஊடகத்தால் பயன் உண்டு. பசுமைப் பட்டாசு என்பது யாது, பெட்டியில் உள்ள கியூஆர் குறியைக் கொண்டு உண்மையானதை அறிவது எப்படி, குழந்தைகள் அருகில் இருக்கையில் எவ்வாறு வெடிப்பது என்பனவற்றை விளக்கலாம். இத்தகைய பிரசாரம் தொழிலின் நற்பெயரைக் காக்கும். சிவகாசியின் பெயரைச் சொல்லிப் போலிப் பக்கங்கள் தொடங்கி, பாதி விலைக்குப் பட்டாசு என்று ஆசை காட்டிப் பணம் பறிப்போர் தீபாவளிதோறும் முளைக்கின்றனர். அதை எடுத்துச் சொல்வதும் நம் கடமையே.

எச்சரிக்கை இரண்டு

பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதில்லை. பணம் கொடுப்பதற்கே அது வேண்டும். “பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்” என்று கேட்பவர் மோசக்காரர். ஏமாந்தவர் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை மேலும் முக்கியமானது. 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட பல செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கை மட்டுமே நம்பிப் பெருங்கூட்டம் சேர்த்தவர்கள் அந்தக் கூட்டத்தை ஒரே இரவில் இழந்தனர். முகநூலும் இன்ஸ்டாகிராமும் அந்நியக் கம்பெனி ஒன்றின் உடைமை. அவற்றின் விதிகள் நம்மைக் கேட்டு மாறுவதில்லை. பழைய தரகரிடமிருந்து மீட்ட விவரத்தைப் புதிய தரகரிடம் ஒப்படைத்துவிட்டு நிற்பது விவேகமன்று. ஆகவே வாங்கியவர் பெயர், ஊர், எண், வாங்கிய ரகம், சொன்ன குறை ஆகியவற்றை, அவரது சம்மதத்துடன், சங்கத்தின் சொந்தப் பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த எண்கள் பிறர் கைக்குப் போகாமல் காப்பதும் சங்கத்தின் பொறுப்பு. ஊடகம் மாறலாம், பேரேடு நம்முடையது.

செய்யத் தக்கது

ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் அடுத்த கூட்டத்திலேயே இவ்விஷயத்தை ஆலோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பொறுப்பாளர் ஒருவர், கைபேசி ஒன்று, பேரேடு ஒன்று, பத்து ரகங்களின் உண்மையான படங்கள் ஆகியவற்றுடன் ஆறு மாத காலம் நடத்திப் பார்க்கலாம். வரவு செலவையும் திரும்பி வந்த சரக்கின் கணக்கையும் பொதுக்குழுவில் ஒளிவின்றி வைக்கலாம். லாபம் சிறிதாயினும், நம் சேலையை உடுத்துவோர் இன்னார், நம் வற்றலைச் சமைப்போர் இன்னார் என்பதை நாம் அறிந்திருப்போம். அந்த அறிவு அங்கத்தினர் அனைவருக்கும் உரிய பொது முதல். அதைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பதே இன்றைய கூட்டுறவுச் சேமிப்பு.