கண்வலியும் நோயாளியின் சொல்லும்

முற்றிய புற்றுநோயில் சிலருக்குக் கண்ணைச் சுற்றித் தீராத வலி எழுகிறது. தென்சீன மரபினரிடையே மிகுந்தும் நம்மவரிடம் அரிதாகவும் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்று மண்டையோட்டின் அடித்தளத்தை அரிக்கும்போது, முக முந்நரம்பின் முதற்கிளை தாக்குறுகிறது. கண்ணில் கட்டி இராது, வலியோ கண்ணில்தான்.

இங்கே மருத்துவருக்கு வழிகாட்டுவனவற்றுள் நோயாளியின் சொல்லும் ஒன்று. 'கனக்கிறது', 'கடுக்கிறது' என்றால் பெரும்பாலும் அழுத்தத்தின் வலி, மார்ஃபின் தணிக்கும். வலி வந்தபின் அன்று, மணி பார்த்து முன்னரே தருவதே முறை. 'எரிகிறது', 'சுளீரென்கிறது' என்றால் நரம்பே புண்பட்டிருக்கக்கூடும். காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றையும் சேர்ப்பர். வீக்கம் வடிய டெக்சாமெத்தசோன். கட்டி சுருங்கக் கதிர்வீச்சு.

தமிழறியா மருத்துவரிடம் மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் பிள்ளைகளே, நம் மாணவர்களே. பாட்டி சொன்ன 'சுளீரென்கிறது' என்பதை வெறும் 'வலிக்கிறது' என்று பெயர்த்தால், நரம்புக்குரிய மருந்து தள்ளிப்போகலாம். வலிச்சொற்களை வகுப்பில் பிரித்துக் கற்பிக்க வேண்டுமென நாம் கேட்பது இதனாலேயே.