நூலுக்கு விலை உண்டு, நேரத்துக்கு இல்லையா?

கந்தப்பளையில் கம்பளி உடுப்பு ஆடம்பரப் பொருள் அல்ல. தேயிலை மலைகளுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கும் மேலே இருக்கும் ஊர் இது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில நாட்கள் விடியும்போது புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். சுபஹுக்கு வுழூச் செய்யும்போது தண்ணீர் விரலைக் கடிக்கும். இங்கே ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு என்றால் தொட்டிலுக்கு முன்பே தொப்பியையும் காலுறையையும் தேடுவார்கள்.

எனக்குக் குரோஷே பின்னலைக் கற்றுத் தந்தவர் உம்மா. முனையில் கொக்கி உள்ள ஒரே ஒரு ஊசி, ஓர் உருண்டை நூல், இரண்டு கை. இதற்கு வேறு மூலதனம் இல்லை. பல வருடங்களாக அது எனக்குப் பொழுதுபோக்காகவே இருந்தது. மேசை விரிப்பு, பிள்ளைகளுக்குத் தொப்பி, சொந்தத்தில் குழந்தை பிறந்தால் ஒரு செட் உடுப்பு. பிறகு தெரிந்தவர்கள் காசு கொடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். பொழுதுபோக்கு வியாபாரமானது இப்படித்தான். ஆனால் கணக்கு மட்டும் பொழுதுபோக்குக் கணக்காகவே நீண்ட காலம் இருந்துவிட்டது. அந்தத் தவறைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன். வீட்டிலிருந்து சுயதொழில் செய்யும் சகோதரிகள் பலருக்கும் இது பொருந்தும்.

நூல் வாங்கும்போதே வியாபாரம் தொடங்குகிறது

நாம் எல்லா நூலையும் 'வுல்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கடையில் வுல் என்று தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக். அது செயற்கை நூல். விலை குறைவு, துவைக்க இலகு, நிறமும் போகாது. குழந்தை உடுப்புக்கு மென்மையான அக்ரிலிக் ஏற்றதுதான். ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் நூல் உருகித் தட்டையாகிவிடும். நெருப்புப் பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும். எங்கள் பக்கத்தில் அடுப்பங்கரையில்தான் குளிர் காய்வார்கள். ஆகவே அக்ரிலிக் உடுப்பு விற்கும்போது இதைச் சொல்லி விற்பது என் வழக்கம். உண்மையான ஆட்டுக் கம்பளி சூடு தாங்கும், ஆனால் வெந்நீரில் போட்டுத் தேய்த்தால் சுருங்கிக் கட்டியாகும். தொழுகைத் தொப்பிக்குப் பருத்தி நூலே நல்லது. அது வியர்வையை உறிஞ்சும், வடிவமும் நிற்கும்.

உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதத்தை வாசிக்காமல் நூல் வாங்கக் கூடாது. அதில் நிறையுடன் நீளமும் மீற்றரில் இருக்கும். இரண்டு உருண்டைகளும் 100 கிராமாக இருந்தாலும், மெல்லிய நூல் அதிக நீளம் வரும், தடித்த நூல் குறைவாக வரும். பின்னும்போது செலவாவது நீளம். எனவே விலையை நிறையோடு அல்ல, மீற்றரோடு ஒப்பிட வேண்டும். எந்த அளவு ஊசிக்கு அந்த நூல் பொருந்தும் என்பதும் அங்கேயே இருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது 'லொட்' இலக்கம். ஒரே நிறத்தை ஆலையில் வெவ்வேறு தடவை சாயமிடும்போது சிறு வித்தியாசம் வரும். ஒரு தடவையில் சாயமிட்டதற்கு ஒரு இலக்கம். இதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு கட்டில் விரிப்புக்கு வெள்ளை நூல் குறைந்து, இரண்டு வாரம் கழித்து அதே கடையில் 'அதே வெள்ளை' வாங்கி வந்தேன். இரவில் மின்விளக்கில் வித்தியாசம் தெரியவில்லை. காலை வெயிலில் விரித்தபோது விரிப்பின் கால்வாசி மஞ்சள் தட்டி நின்றது. முழுவதையும் அவிழ்த்தேன். கடைக்காரரில் பிழையில்லை, நான்தான் இலக்கத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து தேவைக்கு ஓர் உருண்டை கூடுதலாக, ஒரே இலக்கத்தில் ஒரே தடவையில் வாங்குகிறேன்.

நுவரெலியா நகரில் கிடைக்கும் நிறங்கள் போதாதபோது கொழும்பு புறக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். விலை அங்கே குறைவு. ஆனால் பஸ் கட்டணமும் ஒரு முழு நாளும் சேர்ந்தால் அந்தக் குறைவு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நான்கைந்து பேர் தேவையைச் சேர்த்து, ஒருவர் போய்ப் பொதியாக வாங்கி வந்தால் மட்டுமே இலாபம்.

நம் கடைகளில் பின்னல் நூல் பெரும்பாலும் இறக்குமதிதான். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. நூல் விலை ஏறியது எல்லோருக்கும் தெரிந்தது. உடுப்பின் விலையை அதே அளவுக்கு ஏற்ற எனக்கு வாய் வரவில்லை. நுவரெலியா பேல் பஸாரில் ஜக்கட்டும் சுவெட்டரும் குவிந்து கிடக்கும்போது, கையால் பின்னியதற்கு அதிகம் கேட்டால் யார் வாங்குவார்கள் என்ற பயம்.

"இதுக்குக் கணக்கு இல்லையே அக்கா"

ஓடர்கள் கூடியபோது பக்கத்துத் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டேன். கைக்குழந்தை இருந்ததால் அவள் அப்போது மலைக்கு வேலைக்குப் போகவில்லை. விரல் வேகமும் பின்னல் சீரும் என்னைவிட நல்லது. நூலை நான் கொடுப்பேன். தொப்பி, காலுறை, சட்டை மூன்றும் சேர்ந்த ஒரு செட் முடித்தால் 500 ரூபா. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு வருமானம், அவளுக்கும் உதவி, எனக்கும் உதவி என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஒரு நன்மை செய்வதாகவே நினைத்திருந்தேன்.

2024 இன் கடைசி மாதங்களில் ஒருநாள் முடித்த செட்டைக் கொண்டு வந்தவள் சொன்னாள்: "அக்கா, அடுத்த மாசம் நான் கொழுந்துக்குப் போகப் போறேன். அம்மா புள்ளையப் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

"இந்தக் குளிரில மலையில நிக்கிறத விட வீட்டில இருந்து பின்னலாமே" என்றேன்.

"மலைக்குப் போனா நாளுக்குக் கணக்கு இருக்கு. இதுக்குக் கணக்கு இல்லையே அக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு உறைத்தது. அன்று இரவு கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன்.

ஒரு செட்டுக்கு 650 ரூபா படி இரண்டு உருண்டை நூல், 1,300 ரூபா. பொத்தான், ரிப்பன் 100 ரூபா. மொத்தம் 1,400. விற்கும் விலை 2,500. மீதி 1,100 ரூபா. நானே பின்னும்போது அது முழுவதும் இலாபம் என்று எழுதி வைத்திருந்தேன். ஆனால் ஒரு செட்டுக்கு 14 மணித்தியாலம் பிடிக்கிறது. 1,100 ஐ 14 ஆல் பிரித்தால் மணிக்கு 79 ரூபா கூட இல்லை. எட்டு மணி நேரத்தை ஒரு நாள் என்று வைத்தால் சுமார் 630 ரூபா. 2024 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்சம்பளமோ 1,350 ரூபா. நாட்டிலேயே குறைவான கூலி என்று நாம் அனுதாபப்படும் அந்தச் சம்பளத்தில் பாதிகூட நான் எனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு நானே குறைத்துக்கொண்டது என் விருப்பம். அவளுக்கு? 14 மணித்தியாலத்துக்கு 500 ரூபா. மணிக்கு 36 ரூபா. ஒரு நாளுக்கு 300 ரூபாவும் இல்லை.

நரசாபூர் சொல்லும் பாடம்

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. ஆந்திராவின் மேற்குக் கோதாவரியில் நரசாபூர் என்ற ஊர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் அங்குள்ள பெண்களுக்குக் குரோஷே லேஸ் கற்றுக் கொடுத்தார்கள். அந்த லேஸ் மேற்கு நாடுகளுக்கு ஏற்றுமதியானது. ஜேர்மனியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களிடையே ஆய்வு செய்து 1982 இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்காக நாள் முழுதும் உழைத்த அந்தப் பெண்களைத் தொழிலாளர்கள் என்று யாரும் எண்ணவில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றே கொண்டார்கள். அந்தப் பெயரே கூலியைக் கீழே வைத்தது, இலாபம் வியாபாரிகளிடம் போனது என்பதே அவர் காட்டிய உண்மை. 2024 இல் நரசாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்கு மதிப்பு வந்தது நல்ல விடயம். பின்னும் கைக்கு எவ்வளவு போகிறது என்பதே அடுத்த கேள்வி.

அயர்லாந்தில் 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது கன்னியாஸ்திரிகள் ஏழைப் பெண்களுக்குக் குரோஷே கற்பித்தார்கள். பல குடும்பங்கள் அந்த லேஸ் வருமானத்தில் உயிர் தப்பின. ஆக, இந்த ஊசியால் ஒரு வீட்டைக் காப்பாற்றவும் முடியும், ஏமாற்றவும் முடியும்.

இன்னொன்றையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். இரண்டு கம்பிகளால் பின்னும் பின்னலுக்கு 1589 இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ இயந்திரம் கண்டார். இன்று சுவெட்டர்கள் இயந்திரத்தில் பின்னப்படுவது அந்த வழியில்தான். உண்மையான குரோஷேயைச் செய்யும் இயந்திரம் இன்றுவரை தொழிற்சாலைகளுக்கு வரவில்லை. அதைப் போலத் தோன்றும் லேஸை இயந்திரம் செய்யும், அது வேறு பின்னல். எனவே எங்காவது மிக மலிவாக ஒரு குரோஷே உடுப்பைக் கண்டால், அதைப் பின்னியதும் ஒரு கைதான். அந்தக் கைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நாம் கணக்குப் பார்க்கலாம்.

பிறகு என்ன செய்தேன்

1,350 ஐ எட்டால் பிரித்தால் மணிக்கு 169 ரூபா. 14 மணித்தியாலத்துக்கு 2,366 ரூபா. அவள் எனக்குப் பின்னித் தந்தது 11 செட். ஒவ்வொன்றிலும் 1,866 ரூபா குறைவு. மொத்தம் 20,526 ரூபா.

"பேசின காசக் குடுத்தாச்சுதானே, கடன் ஒண்டும் இல்லையே" என்றார் என் கணவர். அவர் சொன்னதிலும் பிழையில்லை, பேசிய கூலி அதுதான். ஆனால் பேசும்போது எத்தனை மணித்தியாலம் ஆகும் என்று எனக்குத் தெரியும், குறைவு என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. உழைப்பாளியின் கூலி விடயத்தில் நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நான், அதை என் கொப்பியில் எழுதவில்லை. மூன்று தவணைகளில் அந்தத் தொகையைக் கொடுத்து முடித்தேன். முதல் தவணையை அவள் வாங்க மறுத்தாள். "உதவி இல்ல, உன்ட கணக்கு" என்று சொன்ன பிறகே வாங்கினாள்.

அடுத்தது விலை. முழு செட்டை நேர்மையான கூலியோடு செய்தால் அடக்கமே 3,766 ரூபா. 4,000 என்று அறிவித்தேன். மாதம் எட்டு செட் போன இடத்தில் மூன்றுதான் போனது. ஆகவே சட்டையை விட்டு, தொப்பியும் காலுறையும் மட்டும் தனியாகச் செய்தோம். 70 கிராம் நூல் 455 ரூபா, ரிப்பன் 50 ரூபா, ஐந்து மணித்தியாலக் கூலி 845 ரூபா. மொத்தம் 1,350. விற்பது 1,500. ஏப்ரல் சீசனுக்கு வரும் உல்லாசப் பயணிகளும் இதை வாங்குகிறார்கள். என் கைக்கு வரும் இலாபம் முன்பைவிடக் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இப்போது அது உண்மையான இலாபம். தங்கச்சி மலைக்குப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் பின்னித் தருகிறாள், மணிக் கணக்கோடு.

கடைசியாக அலமாரியில் இருக்கும் நூல். பின்னுகிறவர்கள் எல்லோருக்கும் நிறத்தைக் கண்டு வாங்கிக் குவிக்கும் பழக்கம் உண்டு, எனக்கும் உண்டு. சொந்தப் பாவனைக்கு வாங்கியது வேறு, விற்கும் நிய்யத்தில் வாங்கியது வேறு. பின்னது வியாபாரச் சரக்கு. மற்றச் சொத்துக்களோடு சேர்ந்து நிஸாபை அடைந்து வருடம் பூர்த்தியானால் ஸகாத் கணக்கில் வரும். விபரத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டையும் இரண்டு பெட்டிகளில் பிரித்து வைத்திருக்கிறேன். அப்படிப் பிரித்த பிறகு தேவையில்லாத கொள்வனவும் குறைந்துவிட்டது.

நபிகளாரின் துணைவியார் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் தம் கையால் உழைத்து, அதைத் தர்மம் செய்தவர்கள். கைவேலை நமக்குப் புதிதல்ல, குறைவானதும் அல்ல. சகோதரிகளே, அடுத்த ஓடரை எடுக்குமுன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். நூல் வாங்கிய சிட்டைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வீட்டில் இருக்கும் பெண்ணுக்குச் சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்று இல்லை. இன்ஷா அல்லாஹ், கணக்கு நேராக இருந்தால் பரக்கத்தும் வரும்.