ஊர் கூடி இழுத்த தேர் – 6: பாஸ்டனுக்கு சைக்கிளில் வந்த பணம்

1980-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 36 பேர் ஸ்பிரிங்ஃபீல்டில் சைக்கிள் ஏறி, கிழக்குக் கோடியில் கடலுக்குள் நீளும் ப்ராவின்ஸ்டவுன் வரை மிதித்தார்கள். ஏறத்தாழ 220 மைல். ஏற்பாடு செய்தவர் பில்லி ஸ்டார் என்ற இளைஞர். 1974-ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்தவர். கூட வந்தவர்கள் நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும். அக்கம்பக்கத்தில் கேட்டுத் திரட்டிய 10,200 டாலர், இன்று டானா-ஃபார்பர் என்று அறியப்படும் பாஸ்டன் புற்றுநோய் நிலையத்துக்குப் போனது.

அந்தச் சிறு பயணம்தான் இப்போது ‘பான்-மாஸ் சேலஞ்ச்’. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பல பாதைகளில் மிதிக்கிறார்கள். வக்கீல்கள், மென்பொருள்காரர்கள், ஆசிரியர்கள், அலுவலக அணிகள், நோயிலிருந்து மீண்டவர்கள், அவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்கள் என்று எல்லோரும் உண்டு. 2024-ல் மட்டும் சேர்ந்தது 7.5 கோடி டாலர். தொடக்கத்திலிருந்து கூட்டினால் 100 கோடியைத் தாண்டுகிறது.

இதன் சூட்சுமம் சைக்கிளில் இல்லை, விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. பெயர் கொடுப்பவர், பாதையைப் பொறுத்துச் சில ஆயிரம் டாலர் திரட்டுவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். கூடவே கிரெடிட் கார்டு விவரமும் தர வேண்டும். கெடுவுக்குள் தொகை சேராவிட்டால் துண்டு விழுந்ததை அவர் கார்டிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். தர்ம காரியத்தில் இத்தனை கறாரா என்று தோன்றும். ஆனால் வேலைக்குச் சேர்ந்து சில வருஷமே ஆன ஒருவருக்கு, பக்கத்து மேஜைக்காரரிடம் பணம் கேட்பதைவிடப் பெரிய சங்கடம் வேறில்லை. சொந்தக் காசு போய்விடுமே என்ற பயம் அந்தக் கூச்சத்தை விரட்டிவிடுகிறது. ஓட்டுகிறவர்கள் திரட்டும் டாலர் முழுவதும் நிலையத்துக்கே போகிறது. சாப்பாடு, பந்தோபஸ்து முதலான செலவுகளைப் பதிவுக் கட்டணமும் புரவலர்களும் ஈடுகட்டுகிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு பாஸ்டனில் முன்கதை உண்டு. 1940-களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு மருந்தே கிடையாது. சிட்னி ஃபார்பர் பிணக்கூறு மருத்துவர். குழந்தைகள் மருத்துவமனையின் ஒதுக்குப்புறமான சோதனைக்கூடத்தில் வேலை. ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்தது போலிருந்தது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால் என்ன?

தடுக்கும் வேதிப்பொருள் லெடர்லி நிறுவனத்திலிருந்து வந்தது. அங்கே ஆய்வுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்கும் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். அவருடைய குழு தயாரித்த அமினோப்டெரினை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948 ஜூனில் இதைப் பற்றி வெளியான ஆய்வுக் கட்டுரையிலிருந்து புற்றுநோய் வேதிமருத்துவத்தின் ஒரு பெரிய கிளை தொடங்குகிறது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அவர் பெயரில் இங்கே எத்தனை தெருக்கள் இருக்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம்.

மருந்து கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. சினிமா, நாடகத் தொழில்காரர்களின் வெரைட்டி கிளப் ஃபார்பருக்குக் கை கொடுத்தது. 1948 மே 22 அன்று ஒரு வானொலி நிகழ்ச்சி, அவருடைய 12 வயது நோயாளியின் படுக்கையை நாடெங்கும் கொண்டுபோனது. பையனுக்கு ‘ஜிம்மி’ என்று புனைபெயர். பேசிக்கொண்டிருக்கும்போதே பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் வீரர்கள் அறைக்குள் நுழைந்தார்கள். 20,000 டாலர் சேர்ந்தால் பையனுக்கு ஒரு டிவி என்று அறிவிப்பு. வந்ததோ 2,31,000 டாலருக்கும் மேல். ‘ஜிம்மி ஃபண்ட்’ அப்படிப் பிறந்தது. அதற்கு இன்று அதிகம் தருவது இந்த சைக்கிள் கூட்டம்தான். பையனும் பிழைத்தான். ஐனார் குஸ்டாஃப்சன் என்ற லாரி டிரைவர்தான் அந்த ஜிம்மி என்பது அரை நூற்றாண்டு கழித்தே உலகுக்குத் தெரிந்தது.

இந்தப் பணத்தில் பெரும்பகுதிக்கு நிபந்தனை கிடையாது. ஆய்வாளர்களுக்கு இதில்தான் ருசி. அரசின் மானியம் கேட்டால், ‘முதல்கட்ட முடிவுகள் எங்கே?’ என்பார்கள். முடிவு வேண்டுமானால் ஆய்வு செய்ய வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அமெரிக்காவில் ஓர் ஆய்வாளர் தன் முதல் பெரிய தேசிய மானியத்தைக் கையில் வாங்கும்போது சராசரியாக நாற்பது வயதைக் கடந்துவிடுகிறார். அதுவரை இளம் விஞ்ஞானியின் விபரீத யோசனைக்கு எலியும் ரசாயனமும் வாங்கித் தருவது இப்படிப்பட்ட ஊர்ப்பணம்.

ஒரு நெருடலும் இருக்கிறது. வசதியான சினேகிதர்கள் உள்ள இடத்தில் நிதி பெருகும், மற்ற இடத்தில் பெருகாது. அமெரிக்காவில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். சிக்கிள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் ஏறத்தாழ 1 லட்சம். முன்னது பெரும்பாலும் வெள்ளையரைத் தாக்குகிறது, பின்னது கறுப்பினத்தவரை. தனியார் நன்கொடையோ முன்னதற்கே பல மடங்கு அதிகம். நிதி கேட்கத் தெரிந்த உறவினர் இல்லாத நோய்க்கு அரசுதான் உறவினர். பாஸ்டனைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அடுத்த வாரம் அடையாறு: 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்கு, கையிலிருந்த அரசு வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா.

(தொடரும்)